போர்டிங் பெண்களுக்கு எழுதியவர்களும் பேசியவர்களும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வளரிளம் பெண்களுக்கான கிறிஸ்தவ எழுத்தும் பேச்சும் நெடுங்காலம் ஒரே ஆளின் தொழிலாக இருக்கவில்லை. புத்தகம் புதுச்சேரியிலும் சென்னையிலும் அச்சானது. அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தவர்கள் கன்னியர், போர்டிங் டீச்சர்கள், வீடு வீடாகப் போன பைபிள் பெண்கள். எழுதியவர்களின் பெயர்கள் நூல்பட்டியல்களில் நிலைத்தன. பேசியவர்களில் பெரும்பாலோர் மிஷன் அறிக்கைகளில் ஓர் எண்ணிக்கையாக நின்றுபோனார்கள். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் என்பதை வைத்துக்கொண்டே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இரண்டு ஊர்களும் பழைய தென் ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30 அன்று. கத்தோலிக்கர்களுக்கு இந்தப் பகுதி முழுவதும் புதுச்சேரி மறைமாவட்டம். சீர்திருத்தச் சபையினரில் திண்டிவனம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் கையில் இருந்தது. திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன். மூன்று தரப்பும் பெண்பிள்ளைகளிடம் பேசின. மூன்றும் பேசிய விதம் வேறு.

முதல் எழுத்து வீரமாமுனிவரிடமிருந்து வருகிறது. இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி விருத்தாசலம் பக்கத்திலுள்ள கோனான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பி, விருத்தாசலத்து அம்மனின் பெயரையே எடுத்துப் பெரியநாயகி என்று வைத்தவர். அவர் தேம்பாவணியைப் புலவர்களுக்காக எழுதினார். கித்தேரியம்மாள் அம்மானையை எழுதியபோது மனத்தில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். அம்மானை என்பது பெண்பிள்ளைகள் காய்களை மேலே வீசிப் பிடித்துக்கொண்டே பாடும் விளையாட்டிலிருந்து பிறந்த வடிவம். பிறகு நீண்ட கதைகளைப் பாடிச் சொல்லவும் பயன்பட்டது. படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுப் பாடிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு இணங்காமல், விசுவாசத்துக்காக உயிர்விட்ட கித்தேரி என்ற கன்னியின் கதையை அந்த மெட்டில் பாடியது சாமர்த்தியமான தேர்வு. சிறு வயதிலேயே மாப்பிள்ளை பார்த்துவிடும் ஊரில், மணமறுப்பைப் புண்ணியமாகச் சொல்லும் கதை பெண்களின் பாட்டு வடிவத்திலேயே வந்தது. பெற்றோர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்பது தனிக் கேள்வி.

அடுத்த நூறு ஆண்டுகளில் இந்தத் துறையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. திருப்பம் 1844இல் வந்தது. புதுச்சேரி ஆயர் கிளமென்ட் பொன்னான் அந்த ஆண்டின் தொடக்கத்தில் குருக்களைக் கூட்டி நடத்திய சினோடு, சுதேசக் குருக்களை உருவாக்குவதையும் கல்வியையும் முக்கிய வேலைகளாக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே அக்டோபர் 16 அன்று லூயி சவினியன் துப்புய் அடிகளார், பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாவின் மாசற்ற இதயச் சபை என்று அது பெயர்பெற்றது. படித்த பெண் என்றாலே தேவதாசி என்று ஊர் நினைத்த காலத்தில், குடும்பப் பெண்கள் துறவு உடையில் பள்ளிக்கூடம் நடத்தியதால் எழுத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. இதைச் செய்ய வெளிநாட்டுக் கன்னியரால் முடிந்திருக்காது.

துப்புய் அச்சுக்கூடத்து மனிதரும்கூட. புதுச்சேரி மிஷன் அச்சகத்தை வளர்த்தவர். மூசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை 1855இலும் 1862இலும் இரண்டு பாகங்களாக வெளிக்கொண்டு வந்தவர். ஆகவே அவர் தொடங்கிய சபைக்கு ஆசிரியைகளும் இருந்தார்கள், அச்சகமும் பக்கத்திலேயே இருந்தது. ஞானோபதேசப் புத்தகம், செபப் புத்தகம், புனிதர்களின் சரித்திரம் ஆகியவையே கிராமத்துப் பங்குகளில் பெண்பிள்ளைகளின் கைக்கு வந்த முதல் அச்சு எழுத்துகள். மாதா சபைகளில் சேர்ந்த பெண்பிள்ளைகள் நீல நாடாவும் பதக்கமும் அணிந்து, மாதம் ஒருமுறை கூடி, குருவானவரோ மதரோ சொல்லும் புத்திமதியைக் கேட்டார்கள். வளரிளம் பெண்களை மட்டும் உட்காரவைத்துப் பேசும் கூட்டம் என்று பார்த்தால் இந்த வட்டாரத்தில் அதற்கு இதுதான் முன்மாதிரி.

கத்தோலிக்கரில் துறவு பூணாமல் பெண்களுக்கு எழுதியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1869இல் வெளியான பெண்மதி மாலை பெண்களை நேரே விளித்துப் புத்தி சொல்லும் பாடல் நூல். பெண் கல்வி, பெண் மானம் பற்றிய உரைநடையையும் அவர் எழுதினார். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாளைக் கதாநாயகனைவிடக் கெட்டிக்காரியாக்கி, ஆண்வேடத்தில் நாடாளவும் வைத்தார். அவர் கிறிஸ்தவர், ஆனால் அவர் எழுத்து கிறிஸ்தவப் பெண்களோடு நிற்கவில்லை. எந்த மதத்துப் பெண்ணும் வாசிக்கும்படி சமயத்தை அடியில் வைத்து ஒழுக்கத்தை மேலே வைத்தார். பிற்காலத்தில் மிஷன் வெளியீடுகள் பல இந்த வழியை விட்டுவிட்டுக் கதையின் கடைசிப் பக்கத்தில் மனமாற்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தின. இலக்கியமாக அவை நிற்காமல் போனதற்கு அது ஒரு காரணம்.

இந்த எழுத்தையெல்லாம் வாசிக்க வேண்டிய பெண் யார் என்பதுதான் பெரிய சிக்கல். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சுதேசக் கிறிஸ்தவர்களுக்கு வைத்த வயது வரம்பு: ஆணுக்குப் 16, பெண்ணுக்குப் 13 முடிந்திருக்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் பெரியவளாகும் முன்பே கல்யாணம் முடிந்துவிடும். 1891ஆம் ஆண்டுச் சட்டம் உடலுறவுக்கான சம்மத வயதைப் 10லிருந்து 12ஆக உயர்த்தியதற்கே நாடெங்கும் கூச்சல் எழுந்தது. பெண்ணின் கல்யாண வயது 14 என்று சாரதா சட்டம் சொன்னது 1929இல். அதாவது சிறுமிக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டொரு வருடம்கூட இல்லை. அந்த இடைவெளியை உண்டாக்கியது போர்டிங் பள்ளிதான். பதினைந்து, பதினாறு வயதுவரை ஒரு பெண் கல்யாணமாகாமல், எழுதப் படிக்கத் தெரிந்து, தன் வயதுப் பெண்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாள் என்றால் அது விடுதியில். வாசகி முதலில் அங்கே உருவானாள். அவளுக்கான எழுத்து பின்னால் வந்தது.

தமிழ் நிலத்தில் இதற்கு மூத்த முன்னோடி யாழ்ப்பாணத்து உடுவில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் அங்கே பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்தே திண்டிவனத்துக்கு ஒரு கோடு வருகிறது. 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட மருத்துவர் ஜான் ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் பெரியவர்களுக்குப் பிரசங்கம் செய்ததைவிடச் சிறுவர் சிறுமியருக்கு எழுதியதில் புகழ்பெற்றவர். கிழக்கிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கடித வடிவில் அவர் எழுதியவை 1833இலேயே புத்தகமாயின. 1842 முதல் 1846 வரை தாய்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் கூட்டங்களில் பேசினார். கேட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பார்கள். இந்தியாவைப் பற்றி அவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தீட்டிக்காட்டிய சித்திரம் இருட்டானது, பல இடங்களில் நியாயமற்றது. ஆனால் இளையவர்களுக்கென எழுதுவதும் பேசுவதும் ஒரே வாழ்க்கைப் பணியாகச் சேர்ந்தது அவரிடம்தான். அவர் மகன்கள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தனர். திண்டிவனம் பின்னர் அதன் நிலையங்களில் ஒன்றாயிற்று.

ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தமிழில் எழுதிய முக்கிய நூல் கடைத்தெருப் பிரசங்கிகளுக்கான கையேடு. சந்தையிலும் சத்திரத்து வாசலிலும் நின்று பேசுகிறவன் என்ன கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கான புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தெருமுனையில் நின்றாலும் ஒரு பெண்ணும் கேட்க மாட்டாள் என்பதை மிஷன் சீக்கிரமே புரிந்துகொண்டது. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வீட்டுக்குள் போகப் பெண்கள்தான் வேண்டும். இப்படி உருவான வேலைதான் பைபிள் பெண் என்பது.

பெரும்பாலும் விதவைகள், அல்லது உபதேசியாரின் மனைவிகள். வெள்ளைப் புடவை, துணிப்பை. பையில் ஒரு வேதாகமம், அரிச்சுவடி, கீர்த்தனைப் புத்தகம், வண்ணப் படங்கள். காலைச் சமையல் முடிந்து, ஆண்கள் வேலைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குள் நுழைவு. திண்ணையைத் தாண்டித் தாழ்வாரத்தில் பாய் விரிக்கப்படும். சில வீடுகளில் அதுவும் இல்லாமல் கொல்லைப்புறத்தோடு சரி. முதலில் எழுத்து, பிறகு ஊசிவேலை, கடைசியில் கதையும் பாட்டும் என்று வரிசை. வீட்டார் அனுமதித்தது எழுத்துக்கும் ஊசிக்கும்; மிஷன் சம்பளம் கொடுத்தது கதைக்கு. இரண்டுக்கும் நடுவில் நேரத்தைப் பங்கிடுவதுதான் அவள் திறமை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அடுத்த மாதம் புக்ககம் போகப்போகிறாள் என்றால் அதற்குள் அவளுக்கு வாசிக்கவாவது வரவேண்டும். போகும் வீட்டில் புத்தகத்தைத் தொடவிடுவார்களா என்பது நிச்சயமில்லை. ஆகவே மனப்பாடத்துக்கு முதலிடம். பாட்டாக உள்ளே போனதை யாரும் பிடுங்க முடியாது. வாரம் ஒருநாள் மிஷன் பங்களாவில் எல்லாப் பைபிள் பெண்களும் கூடி, எத்தனை வீடு, எத்தனை பேர், என்ன பாடம் என்று கணக்குச் சொல்லி, அடுத்த வாரப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு போவார்கள். மேடைப் பேச்சாளர் எதிர்கொள்ளாத ஒரு சோதனை இவர்களுக்கு இருந்தது: கேட்கிறவளின் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

சென்னையில் இதே வேலையை முறைப்படுத்தி, அதற்கான எழுத்தையும் உண்டாக்கியவர் அன்னா சத்தியநாதன். திருநெல்வேலி மிஷனின் ஜான் தேவசகாயம் ஐயரின் மகள், டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரின் மனைவி. 1860களில் வீடுகளுக்குள் போய்க் கற்பித்தார், பெண்கள் பள்ளிகளை நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி நல்ல தாய் என்ற சிறு நூலைத் தமிழில் எழுதினார். 1890இல் காலமானார். அவருடைய மருமகள் கிருபாபாய், அகமத்நகரில் பிறந்து 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் படிப்பை விட்டவர். அந்த அனுபவங்களைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய சகுணா 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 1896இல் தமிழிலும் வந்தது. படிக்க ஆசைப்படும் கிறிஸ்தவப் பெண்ணைப் பற்றி ஒரு கிறிஸ்தவப் பெண்ணே எழுதிய நாவல் என்ற வகையில், போர்டிங் அலமாரிகளில் இருந்த புத்திமதிப் புத்தகங்களுக்கு மேலே அது நிற்கிறது. அதில் கதாநாயகிக்குக் கோபம் வருகிறது. வெள்ளைக்கார மிஷனரி அம்மாக்கள் மீதும் வருகிறது. கிருபாபாய் 1894இல் 32 வயதில் இறந்தார். அதே குடும்பத்துக்கு வந்த கமலா சத்தியநாதன் 1901இல் இந்தியப் பெண்களுக்கான ஆங்கில மாத இதழைச் சென்னையில் தொடங்கி நடத்தினார்.

தமிழ் இதழ்களில் பெண்களுக்கென முதலில் வந்ததாகச் சொல்லப்படுவது 1865ஆம் ஆண்டின் அமிர்தவசனி. 1887இல் கிறிஸ்தவ மிஷனரிகளின் மாதர் மித்திரி வந்தது. சென்னை மத துண்டுப் பிரசுர சங்கம் 1818 முதல் இயங்கியது. 1858இல் ஜான் மர்டாக் முன்னின்று நடத்திய கல்விச் சங்கம் 1891இல் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமாகப் பெயர் மாறியது. காலணா, அரையணா விலையில் சிறு புத்தகங்களை அச்சிட்டுத் தள்ளியவர்கள் இவர்களே. ஊர் ஊராகப் புத்தகம் விற்ற ஊழியர்களுக்கு ரயில் பெரிய உதவி. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் பாதை திறந்த பிறகு விழுப்புரம் சந்திப்பாயிற்று. சென்னை அச்சும் புதுச்சேரி அச்சும் இந்த வட்டாரத்துக்குள் ஒரே வழியாக நுழைந்தன.

திண்டிவனத்துக்குத் தனிப்பெயர் வாங்கிக் கொடுத்தது ஐடா ஸ்கடரின் கதை. ஜான் ஸ்கடரின் பேத்தி. 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் டி. எல். மூடி என்ற சுவிசேஷகர் பெண்களுக்காக நிறுவிய நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்தபோது அவருக்கு வயது 19. மிஷனரியாவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். வந்த இடத்தில் மிஷனின் பெண்கள் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். ஓர் இரவில் மூன்று பேர் அடுத்தடுத்துப் பங்களாவுக்கு வந்தார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்து பார்த்தால் சாவு மேளம். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அதன்பிறகு அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1900 ஜனவரியில், வேலூரில் வீடுகளுக்குள் போய்ப் பெண்களிடம் பேசும் வேலைக்கென வந்த ஆனி ஹான்காக்கோடு இந்தியா திரும்பினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வரலாறு எல்லோரும் அறிந்தது. அவர் மேடைப் பேச்சாளராகவும் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விடுமுறைக்காக அமெரிக்கா போன ஒவ்வொரு தடவையும் சபைகளிலும் பெண்கள் சங்கங்களிலும் பேசியே பணம் திரட்டினார். அந்தப் பேச்சுகளின் நடுத்தூண் திண்டிவனத்து இரவு.

கதை என்ற அளவில் அது ஏன் அவ்வளவு வேலை செய்தது என்று பார்க்கலாம். மூன்று கதவு தட்டல், மூன்று மறுப்பு, விடிகாலையில் மூன்று சாவு: நாட்டுப்புறக் கதையின் கட்டு. கேட்கும் பெண்ணின் வயதே கதாநாயகிக்கும். பெரியவர்களின் உபதேசம் எங்கும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவள் மனம் மாறும் இடத்தில் கதை நின்றுவிடுகிறது. முடிவைக் கேட்கிறவள் தன் வாழ்க்கையில் போட்டுக்கொள்ள வேண்டும். டோரத்தி கிளார்க் வில்சன் 1959இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் இறந்தார். ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் வாலிபர் முகாம்களிலும் இன்றும் அது சொல்லப்படுகிறது. இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் அதில் சொல்லப்படுவதில்லை. அவர்களும் பதின்வயதினராகவே இருந்திருக்கலாம். இளம்பெண்களை உருக்குவதற்காகச் சொல்லப்படும் கதையில் இது சிறிய குறை அல்ல.

டேனிஷ் மிஷனின் வழி வேறு. சாதி விஷயத்தில் லைப்சிக் மிஷனோடு கருத்து வேறுபட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி டேனிஷ் மிஷன் சங்கத்தின் கீழ் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்பது இந்தப் பள்ளிகளிலும் ஆற்காடு மிஷன் பள்ளிகளிலும் விதி. இங்கு படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்த பெண்கள். எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பந்தி அவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும்.

திருக்கோவிலூர் டேனிஷ் பள்ளிக்கு வந்தவர் எஸ்தர் ஃபேரிங். 1917 ஜனவரியில் சக மிஷனரி அன்னே மரி பீட்டர்சனோடு அகமதாபாத் போய்க் காந்தியின் ஆசிரமத்தில் தங்கினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து நீண்ட காலம் நடந்தது. தென் ஆர்க்காட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இளம் கிறிஸ்தவ ஆசிரியைக்குச் சம்பாரணிலிருந்து காந்தி எழுதினார். மகளுக்கு எழுதும் தோரணையில் அமைந்த அந்தக் கடிதங்களை நவஜீவன் 1956இல் நூலாக்கியது. மிஷனுக்கும் அரசாங்கத்துக்கும் இந்த நட்பு பிடிக்கவில்லை. எஸ்தர், அன்னே மரி இருவருமே மிஷனை விட்டு வெளியேறினார்கள். அன்னே மரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. ராட்டையும் வேதாகமமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பெண்பிள்ளைகளிடம் கிறிஸ்தவராகப் பேச வெள்ளைக்கார மிஷனின் சம்பளம் தேவையில்லை என்பதை இந்தப் பக்கத்தில் முதலில் காட்டிய பள்ளி அது.

திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் நடத்திய பெண்கள் குழுவும் இங்கே நினைக்கத் தக்கது. பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்கள் மாட்டுவண்டியில் ஊர்களைச் சுற்றிப் பேசினார்கள். 1901 முதல் டோனாவூரில் சிறுமியருக்கு அடைக்கலம் கொடுக்கும் வேலை தொடங்கிய பிறகு பயணம் குறைந்து எழுத்து பெருகியது. ஆனால் ஏமியின் புத்தகங்கள் ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசகருக்காக எழுதப்பட்டவை. தமிழ்ப் பெண்பிள்ளைகள் அவற்றில் பாத்திரங்களாக வந்தார்கள், வாசகிகளாக அல்ல.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷன் சபைகள் அதற்குள் வந்தன. 1976இல் வேலூர் தனிப் பேராயமாயிற்று. மிஷனரி அம்மாக்கள் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டுப் பணம் குறையக் குறையப் பைபிள் பெண் என்ற சம்பள வேலையும் தேய்ந்தது. அந்த இடத்தைப் பெண்கள் ஐக்கியமும் ஞாயிறு பள்ளியும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியும் பகிர்ந்துகொண்டன. பள்ளிகள் அரசு உதவி பெற்றன. வேதபாடம் கால அட்டவணையின் ஓரத்துக்குப் போனது. திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பெயரில் மேல்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1978இல் சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் 18 ஆக்கியது. பதிமூன்றுக்கும் பதினெட்டுக்கும் நடுவிலுள்ள வயது இனி விடுதிப் பெண்களின் தனிச்சொத்து இல்லை.

வானொலி பழைய தாழ்வாரத்தின் இடத்தைப் பிடித்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் ஒலிபரப்பிய ஃபீபா, மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி இரண்டும் சிற்றலையில் கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்தன. பேசுகிறவர் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. கேட்கிறவள் அஞ்சலட்டையில் பதில் எழுதினாள். பைபிள் பெண்ணிடம் மாமியார் முன்னால் கேட்க முடியாத கேள்விகளை அஞ்சலட்டையில் கேட்கலாம். எழுதினவர்களில் இளம்பெண்கள் குறைவில்லை. ஆனால் குரல் கொடுத்தவர் பக்கத்துத் தெருக்காரர் இல்லை, திரும்ப வந்து பார்க்கவும் மாட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த பெண் எழுதத் தொடங்கியது 1992இல். கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த பாமா அந்த ஆண்டு கருக்கு நூலை வெளியிட்டார். விருதுநகர்ப் பக்கத்துத் தலித் கத்தோலிக்கப் பெண்; பிறகு உத்திரமேரூர்ப் பக்கம் ஆசிரியை. ஞானோபதேசம், பூசை, விடுதி, மதர்களின் கண்டிப்பு என்று ஒரு பெண்பிள்ளைக்குச் சொல்லப்பட்ட அனைத்தையும், சேரித் தமிழில், கேட்டவளின் பக்கமிருந்து அது எழுதிக்காட்டியது. ஒரே பந்தி என்று சொன்ன இடத்தில் பந்தி எத்தனையாகப் பிரிந்திருந்தது என்பதையும் சொன்னது. இன்று அது கல்லூரிகளில் பாடம். பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் பேசப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய புத்தகங்களில் அதுவும் ஒன்று. முகாம்களின் புத்தக மேசையில் அது கண்ணில் படுவது அரிது.

தனித் தொழிலாக எழுத்தும் பேச்சும் ஒருவரிடம் சேர்வது இதற்குப் பிறகு வந்த நிலை. பெண் ஊழியர் ஒருவர் வாலிபப் பெண்களுக்கான முகாமில் செய்தி கொடுக்கிறார். செய்திகளைத் தொகுத்துச் சிறு புத்தகமாக்குகிறார். அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் வைத்து விற்கிறார். பேச்சைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறார். சம்பளம் கிடையாது. அழைத்த சபை பயணச் செலவும் காணிக்கையும் கொடுக்கும். பேசும் பொருள்களும் மாறிவிட்டன: தேர்வு பயம், காதல், கைப்பேசி, மாதவிடாய், வரதட்சணை, உள்ளூர்க் கல்லூரியா வெளியூர்க் கல்லூரியா என்ற கேள்வி. கத்தோலிக்கப் பங்குகளில் இளையோர் தியானங்களைக் கன்னியரும் குருக்களும் நடத்துகிறார்கள். உளவியல் படித்த கன்னியருக்கு அங்கே அழைப்பு அதிகம்.